ஒரே ஊருக்கு இரண்டு வருமானமா?

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு கவுண்டிக்குக் குடி மாறப் போகிறது. அந்தக் கவுண்டியில் நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் இவ்வளவு என்று மருமகன் ஒரு தொகை சொல்கிறார், மகள் வேறொன்று சொல்கிறாள். இரண்டுமே அரசாங்கக் கணக்காம். எது சரி? இருபது வருஷத்தில் அந்த ஊர் முன்னேறியதா என்று எப்படிப் பார்ப்பது? (பல்லடம் வாசகி)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா. கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி, ஆனால் கவுண்டிக்குக் கவுண்டி அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டெக்சாஸிலேயே லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான், ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சத்துக்கும் மேல்.

அவர்கள் சொல்வது சராசரி இல்லை, இடைநிலை, அதாவது மீடியன். திருப்பூரில் ஒரு லைன் வீட்டுத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு வீடு, மாச வருமானம் ஆயிரக் கணக்கில் 14, 18, 22, 25, 30, 36, கடைசி வீடு பனியன் கம்பெனி முதலாளி, 400. சராசரி போட்டால் வீட்டுக்கு 78 ஆயிரம் வருகிறது, அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்கிற வீட்டைப் பார்த்தால் 25 ஆயிரம். நாளைக்கு முதலாளிக்கு ஆர்டர் குவிந்து 800 ஆனாலும் சராசரிதான் 135க்குத் தாவும், நடு வீடு அதே 25ல் நிற்கும். அதனால்தான் ஊரின் நிலவரம் தெரிய இடைநிலையைக் கேட்கிறோம்.

சரி, இரண்டு தொகை எப்படி? அமெரிக்காவின் சென்சஸ் அலுவலகம் வருஷா வருஷம் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு சர்வே எடுக்கிறது. 65,000 பேருக்கு மேல் இருக்கிற இடங்களுக்கு ஒரு வருஷத்துத் தகவலே போதும் என்று அப்படியே வெளியிடுகிறார்கள். சின்ன கவுண்டியில் ஒரு வருஷத்துக்குச் சிக்குவது கொஞ்சம் வீடுகள்தான், அதனால் ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் கடைசி வருஷத்து விலைவாசிக்கு மாற்றி ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். இது போக இன்னொரு கணக்கும் உண்டு, அதில் சர்வேயோடு வருமான வரித் தாக்கல், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு கவுண்டிக்கும் வருஷத்துக்கு ஒரு மதிப்பீடு போடுகிறார்கள். சர்வேயில் நிறைய வீடுகள் இருந்தால் சர்வேக்கு அதிக மதிப்பு, குறைவாக இருந்தால் மற்றதற்கு. உங்கள் மகளும் மருமகனும் ஆளுக்கொரு கணக்கைப் பார்த்திருப்பார்கள். எதுவாக இருந்தாலும் பக்கத்தில் 'கூட்டல் கழித்தல்' என்று ஒரு பிழை வரம்பு இருக்கும், அதைப் படிக்காமல் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிட்டால் சண்டையே இல்லை.

இருபது வருஷத்துக்குப் பார்க்க, அந்த வருஷாந்திர மதிப்பீட்டையே பிடித்துக்கொள்வது நல்லது, ஆனால் 2005ல் அதற்கு அடிப்படையான சர்வே மாறியது, அந்த இடத்தில் ஒரு தாவல் தெரிந்தால் ஊர் மாறியது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஐந்து வருஷக் கணக்குதான் கையில் இருக்கிறது என்றால் 2014-2018ஐ 2019-2023ஓடு ஒப்பிடலாம். 2018-2022ஐ 2019-2023ஓடு வைத்தால் நான்கு வருஷம் இரண்டிலும் இருக்கும், அது ஒப்பீடே ஆகாது. பழைய டாலரை இன்றைய டாலருக்கு மாற்றிக்கொள்வதும் முக்கியம். அப்புறம் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: தொகை ஏறியிருந்தால் அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் செழித்தார்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் மகள் மாதிரி நல்ல சம்பளக்காரர்கள் குடி வந்து, வாடகை கட்ட முடியாதவர்கள் வெளியே போனாலும் இடைநிலை ஏறும்.

கேள்வி: திருப்பூர் மாவட்டத்துக்கு இப்படி ஒரு தொகை கிடைக்குமா? (பெருமாநல்லூர் வாசகர்)

பதில்: கிடைக்காதுங்க. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருமானம் கேட்பதே இல்லை. மாவட்டத் தனிநபர் வருமானம் என்று வருவது மொத்த உற்பத்தியைத் தலைக்கு வகுத்த சராசரி, மேலே சொன்ன 78 ஆயிரம் மாதிரி. 2022-23லும் 2023-24லும் நடந்த பெரிய சர்வேக்கள் வீட்டுச் செலவைத்தான் கேட்டன. நீண்ட காலக் கணக்குக்கு இன்னொரு சிக்கல், 2009க்கு முன்னால் திருப்பூர் மாவட்டமே கிடையாது, கோவையிலும் ஈரோட்டிலும் இருந்து பிரித்தது.

நாடு முழுக்க வீட்டு வருமானத்துக்கென்றே ஒரு சர்வேயை 2026ல் நடத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. மனசார வரவேற்கிறேன். ஆனால் இங்கே வருகிறவர்கள் 'மாசச் சம்பளம் எவ்வளவு' என்று கேட்டால் சரியான பதில் வராது. டெய்லரும் செக்கிங் அக்காவும் சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்கள், ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லையென்றால் வீட்டில். போன வாரம் எத்தனை ஷிப்ட், ஷிப்டுக்கு எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் போனீர்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.