பார்வோ, வெள்ளைக்கழிச்சல், நடுவில் ஒரு ராணிக்கெட் சண்டை

(பதில் சொல்பவர்: வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

காட்பாடி: நாய்க்கு வரும் பார்வோ பூனையிலிருந்து வந்ததாமே, நிஜமா சார்?

நிஜம்தான். பூனை வகைகளைத் தாக்கும் பழைய வைரஸ் ஒன்று உண்டு. அதன் பாச்சா நாயிடம் பலிக்கவில்லை. செல்லுக்குள் நுழைய அது பிடித்துக்கொள்வது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை. இரும்புச்சத்தை உள்ளே இழுக்க உடம்பு செல்லின் மேல் வைத்திருக்கும் பிடி அது. நாயின் ஏற்பியில் ஒரு சர்க்கரைச் சங்கிலி கூடுதலாகத் தொங்கி வழியை மறிக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாற்றங்கள்தான், தடை தாண்டியாயிற்று. அப்படி வந்ததுதான் பார்வோ. 1978-இல் கண்டுபிடித்தார்கள், இரண்டே வருடத்தில் உலகம் பூராவும் நாய்க்குட்டிகள் செத்தன. வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்த நாய் வைரஸால் பூனைக்குத் திரும்ப முடியவில்லை. அடுத்து வந்த வகைக்கு அதுவும் முடிந்தது. வைரஸ் யோசித்துச் செய்வதில்லை. நகலெடுக்கும்போது விழும் பிழைகளில் பெரும்பாலானவை குப்பை, ஒன்றிரண்டு தேறும்.

குட்டி வாங்கினவர்கள் ஆறு, எட்டு வாரத்திலேயே தடுப்பூசியை ஆரம்பித்துவிடுங்கள். பார்வோ மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

குடியாத்தம்: கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல். எங்களுக்கும் ஒட்டுமா?

கண்ணில் பட்டால் சிவக்கும், சில நாளில் சரியாகும். செல்லுக்குள் வைரஸ் வந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் ‘வி’ என்ற புரதம் கோழியிடம் அந்தக் குரலை அடக்கிவிடுகிறது, மனிதனிடம் அது செல்லுபடியாவதில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாலாஜா: அதுதானே ராணிக்கெட் நோய்? நம்ம ராணிப்பேட்டையில் கண்டுபிடித்தது.

நோய் அதுதான், ஊர் அது இல்லை. ராணிக்கெட் உத்தராகண்டில் ஒரு மலையூர். ராணிப்பேட்டையில் இருப்பது 1932-இல் தொடங்கிய கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம்.

வாலாஜா: எங்க தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார். அவரே சொன்னது.

தாத்தா மருந்து தயாரித்திருப்பார், ஒப்புக்கொள்கிறேன். பெயர் வேறு கதை.

ஆற்காடு: வெள்ளைக்காரன் நியூகாசில் என்கிறானே?

நியூகாசில் இங்கிலாந்தில் ஒரு ஊர், 1926-இல் அங்கே இந்த நோயைக் கண்டார்கள். அதே வருடம் ஜாவாவிலும்தான். பெயர் யாருக்கு நிலைத்தது பாருங்கள்.

வாலாஜா: இருந்தாலும் சார்...

அப்புறம் பேசலாம்.

அணைக்கட்டு: இப்போது கோழிக்கறி சாப்பிடலாமா?

நன்றாக வெந்தால் தாராளமாக.

ஆம்பூர்: பிரியாணியில் போட்டால்?

பிரியாணிக் கோழியும் வேகத்தானே செய்கிறது?

பேரணாம்பட்டு: பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

நான் மாட்டு டாக்டர் ஐயா. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

காட்பாடி: குட்டிக்குப் பார்வோ வந்தால் மஞ்சள் அரைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். வாந்தியிலும் ரத்தபேதியிலும் நீர் வற்றித்தான் பெரும்பாலும் சாகிறது. உடனே டிரிப் ஏற்ற வேண்டும். ஊசி, ஊசி என்று அதற்குத்தான் அடித்துக்கொள்கிறேன்.

வாலாஜா: தாத்தா வெள்ளைக் கோட்டோடு நிற்கும் போட்டோ வீட்டில் இருக்கிறது.

கொண்டுவாருங்கள், ஆசையாகப் பார்க்கிறேன். ராணிக்கெட் அப்போதும் உத்தராகண்டில்தான் இருக்கும்.