மார்னிங் குளோரி பூக்கலையா? முதல்ல லைட்டைப் பாருங்க!

போன இதழ்ல மாடித்தோட்டம் பக்கத்துல, ஆடி பொறந்ததும் மார்னிங் குளோரி விதை போட்டுடுங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. நிறைய கேள்வி ஒரே மாதிரி இருந்ததால சேர்த்துப் போட்டிருக்கேன். ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, கொடி மொட்டை மாடி கிரில் முழுக்க ஏறிடுச்சு, இலை ஒவ்வொண்ணும் கையகலம், ஆனா பேருக்குக்கூட ஒரு மொட்டு இல்ல. மண்புழு உரம், பஞ்சகவ்யம், நடுவுல டிஏபி எல்லாம் குறையில்லாம கொடுக்கறேன். வாசல்ல புதுசா எல்ஈடி தெருவிளக்கு போட்டதுல ராத்திரி மாடியே பகல் மாதிரி இருக்கு, தண்ணி ஊத்தக்கூட வசதிதான். அதே விதையைப் பக்கத்து வீட்டுப் பின்பக்கம் போட்டாங்க, அங்க பூத்துக் குலுங்குது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? (தாம்பரம்)

பதிலை நீங்களே எழுதிட்டீங்கம்மா, அந்த தெருவிளக்குதான். இந்தக் கொடிக்குப் பூக்கணும்னா வெயில் எவ்ளோ முக்கியமோ அதே அளவுக்கு ராத்திரி இருட்டும் முக்கியம். பகல் முழுக்க வெயில் காஞ்சாலும் ராத்திரி விடாம நல்ல இருட்டு கிடைச்சாதான் அதோட இலை "சரி, பூக்கலாம்"னு முடிவு பண்ணும். ஜப்பான்ல 'வயலட்'னு ஒரு ரகம் இருக்கு, செடி எப்படி நாள் கணக்கு வச்சுப் பூக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கெல்லாம் அதுதான் செல்லப்பிள்ளை. முளைச்சு ரெண்டு விதையிலை மட்டும் விட்டிருக்கற குட்டிச் செடிக்கு 16 மணி நேரம் தொடர்ச்சியா ஒரே ஒரு ராத்திரி இருட்டு கொடுத்தா போதும், அது மொட்டு வைக்கத் தயாராயிடும். அதே ராத்திரிக்கு நடுவுல சில நிமிஷம் சிவப்பு வெளிச்சம் காட்டினா எல்லாம் கேன்சல், மொட்டு கிடையாது. சில நிமிஷத்துக்கே இந்தக் கதின்னா விடிய விடிய எல்ஈடி அடிச்சா அது எங்க பூக்கும் சொல்லுங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. வெளிநாட்டு யூடியூப் வீடியோல எல்லாம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பொறுமையா இருங்க, அப்பதான் பூக்கும்னு சொல்வாங்க, அது அவங்க ஊருக்கு சரி, அங்க கோடைல ராத்திரி ரொம்ப சின்னது. சென்னைல ஜூன் மாசத்துலயே பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது, ராத்திரி 11 மணி நேரத்துக்குக் குறையாது, அதனால நம்ம ஊர்ல இது சின்னதா இருக்கும்போதே மொட்டு வைக்கற கொடிதான். இங்க மாசக்கணக்கா பூக்காம நிக்குதுன்னா முதல் சந்தேகம் லைட்டு மேல, ரெண்டாவது சந்தேகம் உரத்து மேல. டிஏபில 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு, அதோட மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் சேர்ந்தா கொடி இலை விடுமே தவிர பூவைப் பத்தி யோசிக்காது. உரத்தை மொத்தமா நிறுத்துங்க, தொட்டியைத் தெருவிளக்கு படாத பக்கமா நகர்த்துங்க, நகர்த்த முடியலைன்னா கிரில்ல அந்தப் பக்கம் மட்டும் ராத்திரில ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் ரகசியமா போடல, அவங்க பின்பக்கம் இருட்டு, அவ்ளோதான்.

கேள்வி: நர்சரில ஒரே பேர்ல மூணு விதமான கொடி கொடுத்துட்டாங்க, எது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கறது? (கோயம்புத்தூர்)

இலையைப் பாருங்க, பூ வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இலை மூணு பிரிவா பிளந்து, தொட்டா மெல்லிசா முடி முடியா இருந்தா அது காக்கட்டான் வகை, தாவரவியல் பேர் ஐபோமியா நில். 'ஸ்கார்லெட் ஓ'ஹாரா'ன்னு செக்கச் செவேல்னு பூக்கறது, ஜப்பான்காரங்க வளர்க்கற பெரிய பூ ரகங்கள் எல்லாம் இதுதான். இலை வழவழன்னு அழகான இதய வடிவத்துல இருந்தா ஐபோமியா டிரைகலர், எல்லாரும் போட்டோல பாத்து மயங்கற 'ஹெவன்லி ப்ளூ' இதுல ஒரு ரகம், வெள்ளையும் நீலமும் கோடு கோடா வர்ற 'ஃப்ளையிங் சாசர்ஸ்'ம் இதேதான். இலை இதய வடிவமா இருந்து தண்டுல சுணை இருந்தா ஐபோமியா பர்ப்யூரியா, பூ கொஞ்சம் சின்னது ஆனா ஏராளமா வரும். கரு ஊதா நிறத்துல நடுவுல சிவப்பு நட்சத்திரம் போட்ட 'கிராண்ட்பா ஓட்' இந்த வகை. அது ஒரு அமெரிக்கப் பொண்ணுக்கு அவங்க தாத்தா கொடுத்த விதை, அவரைப் பெத்தவங்க ஜெர்மனியோட பவேரியால இருந்து கப்பலேறினப்ப கூடவே கொண்டு வந்தது. அந்த விதை அழிஞ்சிடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணும் அவங்க வீட்டுக்காரரும் 1975ல ஆரம்பிச்சதுதான் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்', பாரம்பரிய விதை காக்கற பெரிய அமைப்பா இன்னிக்கு நிக்குது.

இலை சீப்பு மாதிரி நறுக்கு நறுக்கா இருந்தா குழப்பமே வேண்டாம், நம்ம மயில்மாணிக்கம். குட்டி சிவப்பு நட்சத்திரப் பூ. என்னைக் கேட்டா முதல் தடவை கொடி வளர்க்கறவங்க இதுல ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம், ஹெவன்லி ப்ளூ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அதுக்கு நம்ம சித்திரை வெயில் ஆகாது.

கேள்வி: ஹெவன்லி ப்ளூன்னு வாங்கினேன் மேடம். மொட்டுல ஊதா, காலைல நீலம், மதியம் வாடும்போது ரோஸ். கலப்பட விதையா? (நாகர்கோவில்)

சுத்தமான விதைங்க, பத்திரமா வச்சுக்கோங்க. மொட்டா இருக்கும்போது இதழ் செல்லுக்குள்ள இருக்கற சாறோட பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 6.6 கிட்ட இருக்கும், விரியும்போது அது 7.7 வரைக்கும் ஏறிடும். நிறமி ரெண்டு நேரமும் ஒண்ணுதான், சாறு காரமா மாறினதும் அதே நிறமி நீலமா தெரியுது. வாடும்போது மறுபடி அமிலம் பக்கம் போறதால ரோஸ் அடிக்குது. வீட்ல பசங்க இருந்தா வாடின பூவைத் தண்ணில நசுக்கி ரெண்டு டம்ளர்ல ஊத்தி, ஒண்ணுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, இன்னொண்ணுல ஆப்ப சோடா போட்டுக் காட்டுங்க, கெமிஸ்ட்ரி டியூஷன் காசு மிச்சம்.

கேள்வி: எங்க பொண்ணு டோக்கியோல இருக்கா. பேரன் அங்க ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு தொட்டி கொடுத்து மார்னிங் குளோரி வளர்க்கச் சொல்றாங்களாம், கோடை லீவுக்கு அந்தத் தொட்டியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து தினமும் படம் வரஞ்சு டைரி எழுதணுமாம். இந்தப் பூவுக்கு அங்க என்ன அவ்ளோ மவுசு? வரும்போது விதை எடுத்துட்டு வரச் சொல்லலாமா? (மயிலாப்பூர்)

மவுசுன்னா சாதாரண மவுசு இல்லம்மா. அது அந்த நாட்டுப் பூவே கிடையாது, சீனால இருந்து மருந்து விதையாதான் உள்ள வந்துச்சு, 1,200 வருஷத்துக்கு மேல ஆச்சு, வயித்தைச் சுத்தம் பண்ண பேதி மருந்து. அப்புறம் எடோன்னு பேர் இருந்த பழைய டோக்கியோல 1804ல இருந்து 1830 வரைக்கும் ஒரு தடவை, 1848ல இருந்து 1860 வரைக்கும் இன்னொரு தடவை ஊரே இந்தப் பூ மேல பைத்தியமா திரிஞ்சிருக்கு. அதுவும் எதுக்கு? அழகான வட்டப் பூவுக்கு இல்ல, கோணல்மாணலுக்கு! இதழ் நூல் நூலா கிழிஞ்சது, காத்தாடி மாதிரி பிரிஞ்சது, அடுக்கடுக்கா மடிஞ்சது, இலை மூங்கில் இலையாட்டம் ஒல்லியானது, பாத்தா மார்னிங் குளோரின்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. இதுல பாதிக்கு விதையே வைக்காது, மலடு. அப்போ அடுத்த வருஷம் எப்படி? அதே காய்ல பொறந்து சாதாரணமா பூக்கற அண்ணன் தம்பிச் செடிகள்கிட்ட இருந்து விதை எடுத்து, அதை நிறைய முளைக்கப் போட்டு, விதையிலையோட வடிவத்தைப் பாத்தே எது விசித்திரப் பூ பூக்கும்னு பிரிச்சு எடுத்திருக்காங்க. மெண்டல் பட்டாணிச் செடியை வச்சு பாரம்பரிய விதியை அச்சுல போட்டது 1866ல, இவங்க அதுக்கு முன்னாடியே, பேர் வைக்காமலே, கைப்பழக்கத்துல அதைப் பண்ணிக்கிட்டிருந்தாங்க. எனக்கு இந்தக் கொடி பத்திப் படிச்சதுலயே பிடிச்ச விஷயம் இதுதான்.

ஏன் இவ்ளோ விசித்திரம்னா அந்தச் செடியோட மரபணுக்குள்ள இடம் விட்டு இடம் தாவுற துண்டுகள் இருக்கு, அது போய் எந்த ஜீனுக்குள்ள உக்காருதோ அது கெட்டுப்போய் புது வடிவம் வருது. ஃபுகுவோகால கியூஷூ யுனிவர்சிட்டில இந்த ரகங்களை இன்னிக்கும் பாதுகாத்து வச்சிருக்காங்க, அதோட முழு ஜீனோமையும், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும், 2016ல வெளியிட்டுட்டாங்க. டோக்கியோல இரியான்னு ஒரு இடம், அங்க கோயில் பக்கத்துல வருஷா வருஷம் ஜூலை 6, 7, 8 மூணு நாளும் இந்தப் பூவுக்குன்னே சந்தை கூடும், ரோடு ஓரம் முழுக்கத் தொட்டி தொட்டியா வித்துட்டிருப்பாங்க, மூணு குச்சி நட்டு வளையம் மாட்டி அதுல கொடியைச் சுத்தி விட்டிருப்பாங்க. பொண்ணு அங்க இருந்தா கண்டிப்பா பேரனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, காலைல சீக்கிரம்.

விதை மட்டும் பெட்டில போட்டுக் கொண்டு வரச் சொல்லாதீங்க. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டோட தாவர நலச் சான்றிதழும் வேணும், ஏர்போர்ட்ல பிடிச்சா வீண் மனக்கஷ்டம். பேரனோட டைரியைக் கொண்டு வரச் சொல்லுங்க, அதுக்கு ஒரு பர்மிஷனும் வேண்டாம்.

கேள்வி: நான் நைட் ஷிஃப்ட். தூங்கி எழுந்து பாக்கும்போது எல்லாப் பூவும் சுருங்கிக் கிடக்கு. எனக்கு இந்தச் செடி செட் ஆகாதா அக்கா? (சோழிங்கநல்லூர்)

உங்களுக்குத்தான் தம்பி செட் ஆகும்! இது இருட்டினதுல இருந்து ஏறக்குறைய பத்து மணி நேரம் கணக்கு வச்சு விரியற பூ, விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்கெல்லாம் திறந்திடும். ஆறு மணிக்கு கேப்ல வந்து இறங்கறவரு நீங்க, ஊர்ல பாதிப்பேரு பாக்காத நேரத்துல ஃப்ரெஷ்ஷா பாக்கலாம், பாத்துட்டுத் தூங்குங்க. மதியமும் வேணும்னா காலை வெயில் மட்டும் படற கிழக்குப் பக்கமா, பத்து மணிக்கு மேல நிழல் விழற இடத்துல வைங்க, மேகமூட்டமான நாள்ல மதியம் தாண்டியும் நிக்கும். இல்ல சாயங்காலம் ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பாக்கணும்னா மூன்ஃப்ளவர் போடுங்க, இதோட சொந்தம்தான், ஐபோமியா ஆல்பா. பொழுது சாயும்போது வெள்ளை வெளேர்னு உள்ளங்கையை விடப் பெருசா விரியும், வாசனையும் உண்டு, அந்துப்பூச்சிக்காகப் பூக்கற பூ. மொட்டு முறுக்கு அவிழ்றதைக் கண்ணால பாக்கலாம், ஒரு காபி குடிக்கற நேரம்தான் ஆகும்.

கேள்வி: அக்கா, நாங்கள் கங்குன் வறை அடிக்கடி செய்யிறனாங்கள். கங்குனும் இந்தப் பூக்கொடியும் ஒரே குடும்பம் எண்டு சொல்லீனம், அப்ப இந்த இலையையும் வறுக்கலாமோ? (யாழ்ப்பாணம்)

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. கங்குன்னு நீங்க சொல்ற வள்ளைக்கீரை, வத்தாளைக் கிழங்குன்னு சொல்ற சர்க்கரைவள்ளி, இந்தக் கொடி மூணும் ஐபோமியாதான், உண்மை, ஆனா ஒரே குடும்பங்கிறதுக்காக எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட முடியாதே. காக்கட்டான் விதை கடுமையான பேதி மருந்துன்னு மேலயே சொன்னேன். ஹெவன்லி ப்ளூ வகை விதைல மூளையைக் குழப்பற ரசாயனம் இருக்கு, அது செடிக்குள்ளயே குடியிருக்கற ஒரு பூஞ்சை தயாரிக்கறது. ஏரி ஓரம் புதரா நிக்குதே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதுவும் இதே ஐபோமியாதான், அதை விடாம மேஞ்ச ஆடுகளுக்கு நரம்பு கெட்டு நடையே தள்ளாடிப் போயிடும். குழந்தையும் நாய்க்குட்டியும் இருக்கற வீட்ல காஞ்ச காயைப் பறிச்சு டப்பால போட்டு மேல வச்சிடுங்க.

கேள்வி: விதை முளைக்கவே மாட்டேங்குது. (விருதுநகர்)

தோல் கல்லு மாதிரி இருக்கும். நகவெட்டியால, முளை வர்ற தழும்பு இல்லாத பக்கமா லேசா ஒரு சின்ன வெட்டு, ராத்திரி தண்ணில ஊறப்போடுங்க, காலைல உப்பினதை மட்டும் அரை இஞ்ச் ஆழத்துல நேரா பெரிய தொட்டிலயே போடுங்க. நாத்து விட்டுப் பிடுங்கி நட்டா வேர் கோச்சுக்கும். உப்பாததை மறுபடி வெட்டி ஊறப்போடுங்க.

கேள்வி: சிவப்பு, நீலம், வெள்ளை மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. விதை எடுத்தா கலந்துடுமா? (சேலம்)

காக்கட்டான் வகைன்னா பெரும்பாலும் கலக்காது. பூ விரியற நேரத்துல மகரந்தத் தாள் நீண்டு சூல்முடியை உரசிட்டே மேல போகும், வண்டு வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் முடிஞ்சிடும். பர்ப்யூரியா வகைல தேனீ வேலை ஜாஸ்தி, அது கலக்கும், ஆனா கலந்தா என்ன, போட்டுத்தான் பாருங்களேன், அதுல வர்ற நிறம் கடைல கிடைக்காது. காய் காகிதம் மாதிரி பழுப்பானதும் பறிச்சிடுங்க, மழைல நனைய விடாதீங்க.

கேள்வி: இலை முழுக்க சல்லடையா ஓட்டை, தங்கக் கலர்ல மின்னுற குட்டி வண்டு ஒண்ணு உக்காந்திருக்கு. மருந்து அடிக்கணுமா? (தஞ்சாவூர்)

அது ஆமை வண்டு, சர்க்கரைவள்ளி இலைலயும் இருக்கும். கையால பொறுக்கினாலே போதும், இலைல ஓட்டை விழுந்தா கொடி சாகாது. ஆனா பக்கத்துல சர்க்கரைவள்ளி பாத்தி இருந்தா இந்தக் கொடியைத் தள்ளி வைங்க, ரெண்டுக்கும் பூச்சி பொது.

கேள்வி: கொடி பக்கத்து ஃப்ளாட் ஏசி அவுட்டோர் யூனிட்டுல ஏறிடுச்சு, சண்டைக்கு வர்றாங்க. பிரிச்சு நம்ம பக்கம் சுத்தி விட்டா மறுபடி அவுந்துக்குது. (வேளச்சேரி)

நீங்க தப்புப் பக்கமா சுத்தறீங்க. மேல இருந்து பாத்தா இது எப்பவும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாதான் சுத்தும், அந்தப் பக்கமா கயித்துல சுத்தி விடுங்க, அவுக்காது. ஏசில ஏறினதை இன்னிக்கே வெட்டிடுங்க, விதைல இருந்து வர்ற ஒரு வருஷக் கொடின்னா பயமில்ல, பக்கக்கிளை விட்டுக்கும். ஆனா விதையே வைக்காம வருஷம் பூரா நீலமா பூக்கற ஐபோமியா இண்டிகான்னா உஷார், வெட்டின துண்டு மண்ணுல பட்ட இடமெல்லாம் வேர் பிடிக்கும், ஆஸ்திரேலியால அதைக் களைன்னே பட்டியல்ல வச்சிருக்காங்க. துண்டை ஏரிக்கரைலயோ காலி மனைலயோ வீசாம மாடிலயே நல்லா காய வச்சு அப்புறம் குப்பைல போடுங்க. பக்கத்து ஃப்ளாட்டுக்கு ஒரு தொட்டி மயில்மாணிக்கம் கொடுத்துப் பாருங்க.