செல் சூடானால் அணுக்கரு இணைவா? நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கே (குன்னூர்): 1989-ல் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள், மின்சாரம் பாயும் ஒரு செல்லில் (மின்வாய்கள் அமிழ்ந்த கரைசல் கலம்) கொடுத்ததைவிட அதிக வெப்பம், 'உபரி வெப்பம்', வருகிறது, அது அறை வெப்பத்திலேயே நடக்கும் அணுக்கரு இணைவு என்றார்களே, அதை வீட்டில் செய்ய என்ன வேண்டும்?

ப: பல்லேடியம் எதிர்மின்வாய், பிளாட்டினம் நேர்மின்வாய், லித்தியம் கலந்த கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்). கனநீர் ஆலை எங்கே என்று தேடிக் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். முதலில் 100 மில்லி சாதாரணக் காய்ச்சி வடித்த நீரில் 8 கிராம் பொட்டாசியம் கார்பனேட் கரைத்து, இரண்டு நிக்கல் கம்பிகளை வைத்துப் பழகுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் உங்கள் ஊர் உயரத்தில் அரை லிட்டர் ஹைட்ரஜன் வரும். குளிருக்காக அறையை அடைத்து வைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். 1992-ல் கலிஃபோர்னியாவில் இப்படியொரு செல் வெடித்து ஆராய்ச்சியாளர் ஒருவர் இறந்தார்.

கே (ஊட்டி): கோவையில் அளவுதிருத்தம் செய்த (எத்தனை வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று குறித்த) செல் இது. 5 வோல்ட், 2 ஆம்பியர். ஊட்டியில் அதே மின்சாரத்துக்கு 2 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. உபரி வெப்பம்தானே?

ப: இல்லை, காற்று. கோவையைவிட ஊட்டியில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று செல்லின் சுவரிலிருந்து எடுத்துப்போகும் வெப்பம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். சுவர் கதிர்வீச்சாக இழப்பது மாறாது. ஆக, எதுவுமே நடக்காவிட்டாலும் செல் சற்றுக் கூடுதலாகச் சூடாகத்தான் செய்யும். அளவுதிருத்தத்தை செல் இருக்கும் மேசையிலேயே செய்ய வேண்டும். தெரிந்த அளவு வெப்பம் கொடுக்க, மெல்லிய கண்ணாடிக் குழாயில் எண்ணெய் ஊற்றி, அதில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இறக்கி, குழாயைக் கரைசலுக்குள் வையுங்கள். 2, 4, 6, 8 வாட் என ஏற்றி, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். சோதனை முடிந்த பிறகு இன்னொரு முறை. வாட்டுக்கு எதிராக வெப்பநிலையை வரைந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லையென்றால் இடையில் எடுத்ததெல்லாம் குப்பை.

அடுத்த ஓட்டை: உங்கள் 10 வாட்டும் (5 வோல்ட் × 2 ஆம்பியர்) முழுக்க வெப்பமாவதில்லை. சாதாரண நீரில் 1.48 வோல்ட் (கனநீரில் 1.54) நீரைப் பிரிக்கப் போய்விடும். 1.48 × 2 = 2.96 வாட் வாயுவோடு வெளியேறும், மிச்சம் 7.04. வாயுக்கள் செல்லுக்குள்ளேயே மறுபடி சேர்ந்தால் அந்த 2.96 திரும்பி வந்து 'உபரி'யாகத் தெரியும். வெளிவரும் வாயுவைத் தண்ணீருக்குள் கவிழ்த்த அளவுருளையில் பிடித்துப் பாருங்கள். நீர்க்கணக்கும் உதவும்: ஒரு ஆம்பியர்-மணிக்கு 0.336 கிராம் நீர் குறைய வேண்டும், ஒரு நாளைக்கு உங்களுக்கு 16 கிராம். அதைவிடக் குறைவாகவே நிரப்ப வேண்டியிருந்தால் உள்ளே மறுசேர்க்கை நடக்கிறது.

கே (கூடலூர்): இதே இணைவுக்கு இன்னொரு முறை சொல்கிறார்கள்: நிக்கல் பொடி, லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு, 1,000 டிகிரி. முயலலாமா?

ப: வேண்டாம். அந்த ஹைட்ரைடு ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள். ஆடி மாதக் கூடலூரில் டப்பாவைத் திறக்கவே கூடாது. 0.1 கிராமை 2 மில்லி இடமுள்ள மூடிய குழாயில் அந்தச் சூட்டுக்கு ஏற்றினால் அழுத்தம் சுமார் 200 அட்மாஸ்ஃபியர்.

கே (குன்னூர்): கொதித்து ஆவியான நீரை எடைபோட்டு வெப்பத்தைக் கணக்கிடலாமா?

ப: ஊட்டியில் நீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். 100 என்று போட்டால் ஒரு சதவீதம்தான் பிசகும். துளிகளாகத் தெறித்துப்போகும் நீரையும் ஆவி என்று எண்ணுவதுதான் பெரிய பிழை.

கே (கோத்தகிரி): வெப்பத்தை விடுங்கள் சார், இணைவில் வரும் நியூட்ரானை எண்ணும் என் கவுண்டர் ஏறுகிறதே?

ப: மலையில் ஏறத்தான் செய்யும்: விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் நியூட்ரான்களை உண்டாக்கும். காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை ஊட்டியில் வைத்ததற்கே உயரமும் ஒரு காரணம். காற்றழுத்தம் இறங்கினால் எண்ணிக்கை கூடும். பாரோமீட்டரைப் பக்கத்தில் வைத்து, செல்லை நிறுத்தியும் அதே நேரம் எண்ணுங்கள்.

கே (கோத்தகிரி, மறுபடி): இணைவு இல்லையென்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

ப: வழக்கமான டியூட்டீரிய இணைவில் 1 வாட் வந்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி நியூட்ரான் பாயும். பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுத மாட்டீர்கள்.

கே (கோத்தகிரி): நியூட்ரானே வராமல் ஹீலியம்-4 ஆகிறது என்கிறார்களே!

ப: அப்படியானால் நியூட்ரான் கவுண்டரை ஏன் காட்டினீர்கள்? ஹீலியத்தைக் காட்டுங்கள். காற்றிலேயே பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. கண்ணாடி வழியாகவும் கசியும். கூகுள் செலவில் நடந்த மறுமுயற்சியின் முடிவு 2019-ல் நேச்சர் இதழில் வந்தது: சான்று கிடைக்கவில்லை. அது போகட்டும், உங்கள் செல்லில் ஊற்றியிருப்பது என்ன?

கே (கோத்தகிரி): மினரல் வாட்டர்.

ப: டியூட்டீரியம் எங்கே?

கே (ஊட்டி, இன்னொருவர்): மேட்டுப்பாளையத்தில் அளவுதிருத்திய செல் இங்கே 1.5 டிகிரி கூடுதல்...

ப: மேலே இரண்டாவது பதில். ஜன்னல்?