கிரியாட்டினின் சரி, புரதம் 'நில்'. பிறகு ஏன் 64?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். தைராய்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன். கிரியாட்டினின் 0.9, யூரின் டெஸ்டில் புரதம் 'நில்'. ஆனால் டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்த ஏசிஆர் 64 என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? லேபில் சிஸ்டேட்டின் சி, என்கால் சேர்ந்த கிட்னி பேக்கேஜும் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா? (வாசகி, மதுரை)

பதில்: மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். சாதாரண யூரின் டெஸ்டில் பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் புரதம் போனால்தான் அதில் 'ஒரு பிளஸ்' விழும். ஏசிஆர் என்பது சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். அது அதற்கு வெகு முன்பே அல்புமின் கசிவைக் காட்டிவிடும். 30-க்குக் கீழ் இயல்பு, 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு.

கிரியாட்டினினோ தசையிலிருந்து வரும் கழிவு; மெதுவாக அசையும் எண். சிறுநீரகம் பாதி வேலையை இழந்த பிறகுகூடச் சிலருக்கு 'நார்மல்' என்றே வரும். அதிலும் தசை குறைந்த பெண்களை அது நன்றாகவே ஏமாற்றும். 52 வயது ஆணுக்கு 0.9 என்றால் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 103 வரும். அதே 0.9-க்கு உங்களுக்கு 77தான். ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக ஒரே ஒரு 64-ஐ வைத்து முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, எகிறிக் கிடக்கும் சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், இவற்றில் எது இருந்தாலும் எண் பொய்யாக ஏறும். இவை இல்லாத நாளில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் 30-க்கு மேல் இருந்தால்தான் உறுதி. உறுதியானால் சிறுநீரகத்தைக் காக்க உதவும் டெல்மிசார்டன், டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகளை டாக்டர் யோசிப்பார். கண் விழித்திரையையும் பார்க்கச் சொல்வார். விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்பு இல்லையென்றால் கசிவுக்குச் சர்க்கரை அல்லாத வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டியிருக்கலாம்.

பேக்கேஜை விடுங்கள். என்கால் பெரும்பாலும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கான குறியீடு. உங்கள் சிகிச்சையை அது மாற்றாது. சிஸ்டேட்டின் சி, கிரியாட்டினின் போலச் சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை; தசையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல என்பதால் மெலிந்தவர்களுக்கு உதவும். ஆனால் தைராய்டு அளவு சரியில்லாவிட்டால் அதுவும் தடம் மாறும். டாக்டர் கேட்டால் தைராய்டுக்கான டிஎஸ்எச் சோதனை பார்த்த பிறகு எடுங்கள். ஆய்வில் இருந்த புதிய சோதனையிலும் இதே கதைதான். சிறுநீரில் உள்ள புரதத் துணுக்குகளை (பெப்டைடு) வைத்து ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் சிகேடி273 சோதனை ஐரோப்பாவில் 1,775 பேரிடம் பார்க்கப்பட்டது. யாருக்குக் கசிவு வரும் என்று அது ஓரளவு சொன்னது. அப்படி ஆபத்து அதிகம் என்று கண்டவர்களுக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து கசிவைத் தடுக்கவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது.