தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் கப்பிட்டல் எழுத்து எங்கே போடுவதென்று எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். விதிகளைப் பாடமாக்க விட்டுப் பெரிய பலன் இல்லை. கேட்டால் கடகடவென்று ஒப்புவிப்பார்கள், கட்டுரை எழுதச் சொன்னால் பழையபடிதான்.

பிள்ளைகள் கண்டபாட்டுக்குக் கப்பிட்டல் போடுகிறார்கள் என்று நினைக்கிறோம். கொப்பியை ஆறுதலாகப் பாருங்கள், அதிலும் ஒரு கணக்கு இருக்கும். 'மை பாதர் இஸ் எ பார்மர்' என்று எழுதிய ஒரு பெடியன், பாதருக்கும் பார்மருக்கும் கப்பிட்டல் எஃப் போட்டிருந்தான். அடுத்த வரியில் நெல்லுக்கும் கப்பிட்டல். வவுனிக்குளத்துக்கு மட்டும் சிம்பிள் வீ, அதாவது சின்ன எழுத்து. ஏனடா என்று கேட்டால், "அப்பா பெரிய ஆள்தானே ரீச்சர்" என்கிறான். கப்பிட்டல் என்றால் மரியாதை என்று விளங்கி வைத்திருக்கிறான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. பிறகு பிள்ளை வேறு என்னத்தை நினைக்கும்?

அதனால் நான் குளத்தில்தான் தொடங்குவேன். வன்னியில் குளத்துக்கா பஞ்சம்! இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். 'டாங்க்' என்ற சொல் எந்தக் குளத்துக்கும் பொது, ஆகவே சிம்பிள் டீ. 'இரணைமடு டாங்க்' என்று எழுதினால் அது அந்த ஒரு குளத்தின் பெயர், இரண்டு சொல்லுக்கும் கப்பிட்டல். வவுனிக்குளத்தில் குளம் பெயருக்குள்ளேயே ஒட்டிக் கிடப்பதால் முதலில் ஒரு கப்பிட்டல் போதும். இது பிடிபட்டால் 'முல்லைத்தீவு டிஸ்ட்ரிக்ட்' என்பதற்கும் 'திஸ் டிஸ்ட்ரிக்ட்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்களாகவே பிடித்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த இடத்தில் அவருடைய பெயரைப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'மை சிவம்' என்று வராது, ஆகவே 'மை பாதர்' சிம்பிள். 'தாங்க் யூ, பாதர்' என்பதில் சிவம் என்று போட்டாலும் பொருந்தும், அங்கே கப்பிட்டல்.

வசனத்தின் முதலெழுத்தைத் தனிப் பாடமாக எடுக்காதீர்கள். முற்றுப்புள்ளியோடு சேர்த்தே பழக்குங்கள். புள்ளி வைக்காத பிள்ளைக்கு அடுத்த வசனம் எங்கே தொடங்குகிறதென்றே தெரியாது. இதைச் சோதிக்கச் சொல்வதெழுதலைப்போல ஒன்று இல்லை, கப்பிட்டல் காதில் விழாதே!

எழுதும்போது நாலு கோட்டுக் கொப்பி கட்டாயம். சி, ஓ, எஸ், வீ, டபிள்யூ, எக்ஸ், இசெட் ஆகியவற்றுக்குப் பெரிசும் சின்னனும் ஒரே வடிவம், அளவு மட்டும்தான் மாறும். கோடு இல்லாவிட்டால் பிள்ளை எதை எழுதியதென்று திருத்துகிற உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று, வீட்டில் பிள்ளை காணும் ஆங்கிலத்தில் பாதி விண்ணப்பப் படிவம். அதில் பெயரை முழுக்கக் கப்பிட்டலில் நிரப்பச் சொல்லியிருக்கும். அதைப் பார்த்துக் கட்டுரையிலும் தன் பெயரை அப்படியே எழுதும். படிவத்துக்கு அது சரி, கட்டுரைக்கு முதலெழுத்து மட்டும் என்று ஒருமுறை சொன்னால் போதும்.

கிழமை, மாதம், மொழிப் பெயர்களுக்குக் கப்பிட்டல். பாடங்களில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கப்பிட்டல், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சிம்பிள். 'நான்' என்கிற ஐ எங்கே வந்தாலும் கப்பிட்டல். இவற்றுக்கு மனப்பாடம்தான் வழி.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கப்பிட்டல்தான், 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சிலும் சாதாரணப் பெயர்ச்சொற்களுக்கு அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நெல்லுக்குக் கப்பிட்டல் போட்ட பெடியன் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் புள்ளி குறைந்திருக்காது.

பருவகாலப் பெயர்களுக்குச் சிம்பிள் என்பது விதி. ஆனால் எங்கட காலபோகத்தை ஆங்கிலத்தில் 'மஹா சீசன்' என்று எழுதும்போது மஹாவுக்குக் கப்பிட்டல் போட்டும் போடாமலும் அச்சில் வருகிறது. அதற்கு நான் புள்ளி வெட்டுவதில்லை. ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக எழுதினால்தான் சிவப்புப் பேனையை எடுப்பேன்.