ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற முற்காலச் சிறார் அறிவுநூல்கள்: எதை முதலில் படிக்கலாம்?

முற்காலத்தில் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்ட சிறார் அறிவுநூல்கள் எவை, அவற்றுள் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆய்வாளன் அல்லன். பழைய சிறார் நூல்களை மின்வடிவில் தேடிப் படிப்பதைப் பல ஆண்டுகளாகப் பழக்கமாக வைத்திருப்பவன். இந்நூல்களுள் பெரும்பாலானவை நேர்வழியில் ஆங்கிலத்துக்கு வந்தவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று லத்தீனோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஒன்று பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தது, இன்னொன்று வேறொருவர் பெயரைச் சுமந்துகொண்டு வந்தது. என்னை இவற்றின்பால் ஈர்த்ததும் இந்தச் சுற்றுவழிதான்.

காலத்தால் முந்தியது மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் எழுதிய 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்', அதாவது படங்களில் காட்டப்பட்ட, புலன்களுக்கு எட்டும் உலகம். 1658இல் நூரம்பெர்க்கில் லத்தீனும் ஜெர்மனும் இணைந்த இருமொழி நூலாக இது அச்சாயிற்று. மறு ஆண்டே லண்டன் பள்ளி ஆசிரியர் சார்ல்ஸ் ஹூல் இதன் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தார். லத்தீன் கற்கும் சிறுவர்களுக்கான நூலாகையால் லத்தீன் அப்படியே நிற்க, ஜெர்மன் இருந்த இடத்தில் ஆங்கிலம் வந்து அமர்ந்தது. ஆகவே இதை ஜெர்மனிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு என்பது பாதி உண்மைதான். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதே எண் வாக்கியத்தில் அப்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் என்னும் எளிய ஏற்பாட்டில், ரொட்டி சுடுவது முதல் நூல் அச்சிடுவது வரை நூற்றைம்பது பாடங்கள் விரிகின்றன.

இதன் அகரவரிசைப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 'அ – அணில், ஆ – ஆடு' என்று முதலெழுத்தைக் கொண்டு படித்தவர்கள் நாம். கொமேனியஸ் முதலெழுத்தைப் பொருட்படுத்தவே இல்லை. எழுத்தின் ஒலியை எழுப்பும் ஒன்றை அங்கே காட்டுகிறார். முதல் எழுத்துக்குக் காகம் 'ஆ ஆ' எனக் கரைகிறது, அடுத்ததற்கு ஆட்டுக்குட்டி 'பே' எனக் கத்துகிறது, பிறகு வெட்டுக்கிளியும் குழந்தையும் காற்றும் வாத்தும் வரிசையாக வருகின்றன. (நம் ஊர்க் காகத்துக்கு 'கா' என்ற எழுத்தைத்தான் கொடுத்திருப்பார்கள்.) பெயரின் முதலெழுத்தை நம்பிய பாடநூல் மொழி மாறியதும் குலைந்துபோகும், ஓநாய்க்கு எந்த மொழியில் என்ன பெயர் இருந்தாலும் அது ஊளையிடும் ஒலி மாறாது என்பதால், இந்தப் பக்கம் அதிகச் சேதமின்றி எல்லை கடந்தது.

இவற்றில் நான் மிகவும் விரும்புவது ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய நூல். கல்விச் சீர்திருத்தவாதி பாசெடோ 1774இல் ஜெர்மனியின் டெசாவ் நகரில் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னர் 1784இல் கோதா நகருக்கு அருகே ஷ்னெப்ஃபெந்தாலில் தமக்கென ஒரு பள்ளியை நிறுவிய சால்ஸ்மான், குழந்தைகளுக்கான ஒழுக்கப் பாடநூல் ஒன்றை எழுதினார். நல்லுணர்வையும் தீக்குணத்தையும் இலக்கணம்போல் விளக்காமல், ஒரு குடும்பத்தின் அன்றாட நிகழ்ச்சிகளில் வைத்துக் காட்டும் நூல் அது. லண்டனில் ஜோசஃப் ஜான்சன் என்னும் பதிப்பாளருக்காக எழுதிவந்த மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் மொழிப் பயிற்சியாக இதை மொழிபெயர்க்கத் தொடங்கினார்; அது 1790இலும் 1791இலும் நூலாக வெளிவந்தது. ஓவியர் கோடோவீட்ஸ்கியின் படங்களைத் தழுவிய ஆங்கிலப் பதிப்பின் செப்புத்தகட்டுப் படங்கள் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் கைவேலை எனக் கருதப்படுகின்றன.

கதையைவிட அதன் முன்னுரையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அன்று, இதை ஓர் ஆங்கிலக் கதையாகவே ஆக்கியிருக்கிறேன் என்று உல்ஸ்டன்கிராஃப்ட் மறைக்காமல் எழுதுகிறார். ஒழுக்கத்தின் அடிப்படைகளை மனத்தில் ஊன்ற வேண்டிய வயதில் அயல்நாட்டுப் பழக்கவழக்கங்களைக் காட்டிக் குழந்தைகளைக் குழப்பக் கூடாது என்பது அவர் கூறும் காரணம். எனவே கதைக் குடும்பம் பிரிஸ்டல் நகர வணிகர் ஜோன்ஸின் குடும்பமாகிறது. அத்துடன் அமெரிக்கப் பழங்குடியினரைத் தம் உடன்பிறப்புகளாகக் குழந்தைகள் கருத வேண்டும் என்பதற்காக, மூலத்தில் இல்லாத ஒரு சிறுகதையையும் அவரே சேர்த்திருக்கிறார். வழக்கங்களை மாற்றியதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அயல்நாட்டுப் பிள்ளை வேறு விதமாக உண்டு உடுத்துகிறான் என்று தெரிந்துகொள்வதும் ஓர் அறிவுதானே? ஆனால் மாற்றியதையும் சேர்த்ததையும் வாசகரிடம் சொல்லிவிட்ட நேர்மையை மதிக்கிறேன். சால்ஸ்மானும் மனம் கோணவில்லை போலும்: உல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் வெளியிட்ட பெண்ணுரிமை நூல் அடுத்த ஈராண்டுகளில் ஜெர்மனில் வந்தபோது, ஷ்னெப்ஃபெந்தாலிலிருந்து சால்ஸ்மானின் முன்னுரையோடுதான் வந்தது.

ஜெர்மன் எழுத்தாளர் காம்பெ எழுதிய 'இளைய ராபின்சன்' (1779–80) கதையாகப் படிக்கச் சுவையானது. மாலைதோறும் ஒரு தந்தை பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்ல, அவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' நாவலின் நாயகனுக்கு உடைந்த கப்பலிலிருந்து கருவிகள் கிடைத்தன. காம்பெ தம் ராபின்சனை வெறுங்கையோடு தீவில் விடுகிறார், ஏனெனில் கருவி இல்லாதவன் என்ன செய்வான் என்பதே அவர் நடத்த விரும்பிய பாடம். 1788இல் லண்டனில் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது; அதை அதன் முகப்பே சொல்லிவிடுகிறது.

ஆகவே உல்ஸ்டன்கிராஃப்டின் முன்னுரையில் தொடங்கி, கொமேனியஸின் படங்களுக்குச் சென்று, அதன்பின் காம்பெயை எடுங்கள். அவற்றோடு ஷ்னெப்ஃபெந்தால் ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ் 1793இல் எழுதிய உடற்பயிற்சி நூலையும் பார்க்க நினைத்தால், 1800இல் லண்டனில் வந்த அதன் ஆங்கிலப் பதிப்பை நூலகப் பட்டியல்களில் சால்ஸ்மான் பெயரிலும் தேடுங்கள்; அச்சிட்டவர்கள் ஆசிரியர் பெயரை அப்படித்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.