அலுவலகம் திரும்பச் சொல்லி ஆணை: முதுகுக்கு ஒரு கடிதம், அம்மாவுக்கு இன்னொரு கடிதம்

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கோவிட் காலத்தில் தொடங்கி இன்றுவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இப்போது வாரத்தில் 5 நாளும் நேரில் வரச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. 4 வார அவகாசம்தான். எனக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை. 78 வயது அம்மாவையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். இத்தனை நாளில் என் வேலையில் ஒரு குறைகூட வந்ததில்லை. மறுக்க முடியுமா? எப்படி எழுதிக் கேட்பது?

பதில்: மறுக்க முடியாது, விலக்கு கேட்கலாம். எந்த நாட்டு அரசுப் பணி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் பெரும்பாலான அரசுகளில் வீட்டிலிருந்து வேலை என்பது அனுமதிதானே தவிர, உரிமை இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே 2010இல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் ஊழியரும் மேலதிகாரியும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டால்தான் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று, முழு நேரமும் நேரில் வர வேண்டும் என்று அதிபரின் உத்தரவு வந்தபோது, அந்த அனுமதியைத் துறைகளால் திரும்பப் பெற முடிந்தது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்கள் 2022 பிப்ரவரி 7 முதல் முழு வருகைக்குத் திரும்பிவிட்டார்கள். கனடா 2024 செப்டம்பரில் குறைந்தது வாரம் 3 நாள் என்றாக்கியது. எனவே "குறையில்லாமல் வேலை பார்த்தேன்" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை மட்டும் வைத்து விலக்கு வாங்க முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு விஷயம். முதுகையும் அம்மாவையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள். நான் பணியாளர் பிரிவில் இருந்தபோது, நியாயமான காரணம் உள்ளவர்களே இப்படிக் கலந்து எழுதி இரண்டையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதுகு உங்கள் சொந்த உடல்நிலை. அது சட்டம் சொல்லும் அளவுக்கு உங்களைப் பாதிக்கிறது என்றால், உங்களுக்கு ஏற்றபடி வேலைச் சூழலை மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) ஊழியருக்கு 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இதைத்தான் சொல்கின்றன. எல்லோருக்கும் பொதுவான சுற்றறிக்கை ஒன்று வந்துவிட்டதாலேயே இந்தக் கடமை போய்விடாது.

அம்மாவின் விஷயம் அப்படி இல்லை. அமெரிக்காவின் அந்த மறுவாழ்வுச் சட்டம் ஊழியரின் சொந்த உடல்நிலையைத்தான் பார்க்கிறது. பெற்றோரின் கடுமையான நோய்க்கு அங்கே இருப்பது விடுப்பு: 12 மாதத்தில் 12 வாரம், சம்பளமில்லாமல், மருத்துவத் தேவை இருந்தால் பிரித்தும் எடுக்கலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணிநேரம் கேட்கலாம். 2 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கனடாவின் மனித உரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் குடும்ப நிலையும் அடங்குவதால், அங்கே பெற்றோரைப் பராமரிப்பதற்குக் கொஞ்சம் வலுவான பிடி இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒப்பந்தங்களில், வேலை நேரத்தைக் குடும்பத்தினரைப் பராமரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். வீட்டிலிருந்து வேலை கேட்கும் அதே கடிதத்தில் "அம்மாவைப் பார்க்க வேறு ஆளில்லை" என்று எழுதினால், நிபந்தனையை மீறுவேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதனால் முதுகுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். அம்மாவுக்காக விடுப்போ பணிநேர மாற்றமோ கேட்டுத் தனியாக இன்னொன்று.

முதுகு விண்ணப்பத்தின் பலமே மருத்துவரின் கடிதம்தான். "டிஸ்க் பிரச்சினை உள்ளது, வீட்டிலிருந்து வேலை செய்யப் பரிந்துரைக்கிறேன்" என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. அதைப் படிக்கும் அதிகாரிக்கு நோயின் பெயர் மட்டும்தான் தெரியும், உங்களால் எது முடியாது என்பது தெரியாது. இப்படி இருக்க வேண்டும்: "ஒரே நிலையில் 40 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகிறது. நடுவில் 10 நிமிடம் படுத்தால்தான் சரியாகிறது. தொடர்ந்து ஒரு மணி நேரம் பயணம் செய்யக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு 6 மாதத்துக்கு, அதன்பின் மறுபரிசோதனை." உங்கள் நிலை என்னவோ அதை மருத்துவரிடம் சொல்லி, அவர் பரிசோதித்துப் பார்த்ததை இந்த அளவுக்கு விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். கெடு தேதி போட்டால் பலவீனம் என்று நினைக்காதீர்கள். காலவரையில்லாத விலக்கைவிட 6 மாத விலக்குக்குக் கையெழுத்துப் போடுவது எந்த அதிகாரிக்கும் எளிது.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். வீட்டிலிருந்து வேலை கேட்டால், நின்றபடி வேலை செய்யும் மேசை தருகிறோம் என்று பதில் வரலாம். உண்மையாகவே உதவும் மாற்றுவழியைத் தேர்ந்தெடுக்க நிர்வாகத்துக்குப் பொதுவாக உரிமை உண்டு. மேசை பயணத்தைச் சரிசெய்யாது, நடுவில் படுக்கவும் உதவாது என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், உங்கள் வேலைகளைப் பட்டியலிட்டு, எதை நேரில் வந்துதான் செய்ய முடியும் என்பதையும் நீங்களே எழுதுங்கள். மூலப் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்க்க வாரம் ஒரு நாள் வருகிறேன் என்று சொன்னால், அலுவலகத்தின் சிரமத்தையும் யோசித்தவர் என்று தெரியும்.

அவகாசம் முடியுமுன் பதில் வராவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. விண்ணப்பம் நிலுவையில் இருப்பது அனுமதி ஆகாது. அனுமதியில்லாமல் வராதது தனிக் குற்றச்சாட்டாகி, முதுகுப் பிரச்சினையைப் பற்றி யாருமே பேசாத நிலைக்குக் கொண்டுவிட்டுவிடும். முடிவு தெரியும்வரை இடைக்கால ஏற்பாடு கேட்டு முதல் வாரத்திலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் முறைப்படி விடுப்பு வாங்குங்கள், அல்லது வலியைப் பதிவு செய்துகொண்டு போய் வாருங்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, எந்த வேலை நின்றது என்ற அந்தக் குறிப்பேடு பின்னால் பெரிய சாட்சி.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆனால் அந்தத் தாள் வரும்வரை காத்திருக்காதீர்கள், நிராகரித்தது தெரிந்த நாளிலிருந்தே மேல்முறையீட்டு நாட்கள் ஓடத் தொடங்கிவிடலாம். அமெரிக்க ஃபெடரல் ஊழியர் என்றால் 45 நாளுக்குள், பாகுபாட்டுப் புகார்களை முதலில் கேட்கும் சம வாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். மற்ற நாடுகளில் கெடு வேறாக இருக்கும். சங்கம் இருந்தால் அன்றைக்கே நகலோடு போய்ப் பாருங்கள்.